பழைய டெஸ்க்டாப்பில் ஹாஸ்கெல் கம்பைலர்: பாலக்கோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

“மாமா, டெர்மினல்ல சிவப்பா என்னமோ வருது. சர்டிஃபிகேட்னு போட்டிருக்கு.” பாலக்கோட்டிலிருந்து அக்கா மகன் போனில் சொன்னான். இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். இந்த செமஸ்டரில் ஃபங்ஷனல் புரோகிராமிங் பாடம், மொழி ஹாஸ்கெல். காலேஜ் லேபில் இருக்கிறது, வீட்டு சிஸ்டத்தில் ஏறமாட்டேன் என்கிறது. ஓசூரிலிருந்து நான் போனில் ஒரு மணி நேரம் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. அந்த ஞாயிறு ராயக்கோட்டை வழியாக பஸ் பிடித்து நேரிலேயே போய்விட்டேன். அன்று செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். இடையில் எங்கே தடுக்கினோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் அங்கேயேதான் தடுக்குவீர்கள்.

ஒரு விஷயம் முதலில். கட்டளைகளை போனில் சொல்வதுபோல ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், நான் வேறு சொல்லாத இடத்திலெல்லாம் சின்ன எழுத்தில் தட்டுங்கள். இடைவெளியும், கோடு, புள்ளி, அடைப்புக்குறி போன்ற குறிகளும் இங்கே இருப்பது போலவே.

எதை நிறுவுகிறோம்?

மொழியின் பெயர் ஹாஸ்கெல். ஹாஸ்கெல் கர்ரி என்ற அமெரிக்கக் கணிதத் தர்க்கவியலாளரின் முதல் பெயரையே மொழிக்கு வைத்துவிட்டார்கள். 1987-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த மாநாட்டில் ஆய்வாளர்கள் சிலர் கூடி, ஆளுக்கொரு ஃபங்ஷனல் மொழி வைத்திருப்பதை விட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒன்று செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். முதல் வரையறை 1990-இல் வந்தது. அதில் எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவானது. அதனால் கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலர், சுருக்கமாக ஜிஎச்சி. நமக்கு வேண்டியது இதுதான்.

இதை நேராக இறக்கி நிறுவ வேண்டாம். ஜிஎச்சிஅப் என்று ஒரு நிறுவி இருக்கிறது. எழுத்துக்கூட்டினால் ஜி, எச், சி, யு, பி. கம்பைலரையும், கபால் என்ற பேக்கேஜ் கருவியையும், வேண்டுமானால் ஸ்டாக் என்ற இன்னொரு கருவியையும் அதுவே கொண்டுவந்து வைக்கும். ஒரே சிஸ்டத்தில் நாலு வெர்ஷன் இருந்தாலும் எது நடப்பில் இருக்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம்.

அவன் சிஸ்டத்தில் இருப்பது உபுண்டு லினக்ஸ். அதில் ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஜிஎச்சி’ என்று ஒரே வரியில் முடிகிற வேலைதானே என்று பையன் கேட்டான். முடியும். ஆனால் உபுண்டு 22.04-இல் அப்படிப் போட்டால் கிடைப்பது 8.8.4. 24.04-இல் 9.4.7. பாடப் பயிற்சிக்கு இரண்டாவது போதும். ஆனால் நாளைக்கு ஒரு பேக்கேஜ் புதிய கம்பைலர் கேட்டால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். எனவே என் ஓட்டு ஜிஎச்சிஅப்புக்கே.

தட்டுவதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். போனில் நாங்கள் வீணாக்கிய ஒரு மணி நேரம் முழுக்க இங்கேதான் போனது.

அவனுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிஸ்டம். நாலு ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், உபுண்டு 22.04. யுபிஎஸ் பெயருக்கு இருக்கிறது. கரண்ட் போனால் கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் போய் உட்கார்ந்ததும் பார்த்தது திரையின் மேல்மூலையில் இருந்த தேதியை. 2012 என்று காட்டியது!

சிவப்பாக வந்ததற்குக் காரணம் அதுதான். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் தன் சான்றிதழைக் காட்டும். அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். நம் சிஸ்டம் 2012-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால், சான்றிதழ் இன்னும் செல்லுபடிக்கே வரவில்லை என்றுதான் தெரியும். உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். நெட்டிலும் கோளாறு இல்லை, ஹாஸ்கெலிலும் கோளாறு இல்லை. மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிறு பேட்டரி, சிஆர்2032, உயிரை விட்டிருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரமும் பின்னால் போய்விடும். கடைத்தெருவில் வாட்ச் கடையிலேயே அந்த பேட்டரி கிடைத்தது. சிஸ்டத்தை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, பழையதை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுப் புதியதை எழுத்து உள்ள பக்கம் மேலே தெரியும்படி அழுத்தினோம். பிறகு:

டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ

நெட் இருந்தால் நேரம் தானாகச் சரியாகிவிடும்.

இன்னும் மூன்று சோதனை, வேகமாக. ‘யூநேம் -எம்’ என்று தட்டினால் ‘எக்ஸ்86_64’ என்று வர வேண்டும். ‘ஐ686’ என்று வந்தால் அது 32 பிட் உபுண்டு. அதோடு மல்லுக்கட்டாதீர்கள், 64 பிட்டைப் போட்டுவிட்டு வாருங்கள். ‘டிஎஃப் -எச்’ (டிஸ்கில் வரும் டி) என்று தட்டி ஹோம் ஃபோல்டர் இருக்கும் பார்ட்டிஷனில் பத்து ஜிபியாவது காலியா என்று பாருங்கள். கம்பைலர் விரித்து வைத்தால் ஒரு வெர்ஷனே இரண்டு ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். ‘ஃப்ரீ -எச்’ ராமையும், ராம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப்பையும் காட்டும். ராம் நாலு ஜிபி என்றால் ஸ்வாப் கட்டாயம் இருக்கட்டும்.

நெட் கணக்கு தனி. வீட்டில் ஃபைபர் இருந்தால் கவலை இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் ஓட்டுபவர்கள் காலையிலேயே, யாரும் வீடியோ பார்த்துத் தீர்ப்பதற்கு முன், தொடங்குங்கள்.

தேவையான துணைப் பொருட்கள்

ஜிஎச்சி தனியாக நிற்காது. கடைசிக் கட்டத்தில் துண்டுகளை இணைத்து ஓடும் ஃபைலாக ஆக்குவதற்கு சிஸ்டத்தில் இருக்கும் சி மொழிக் கருவிகளைத்தான் கூப்பிடும். அவற்றை முன்பே போட்டு வையுங்கள்:

சூடோ ஏபிடி அப்டேட்
சூடோ ஏபிடி இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் கர்ல் லிப்எஃப்எஃப்ஐ-டெவ் லிப்ஜிஎம்பி-டெவ் லிப்என்கர்சஸ்-டெவ் பிகேஜி-கான்ஃபிக்

‘லிப்’ என்பது எல், ஐ, பி (பஸ்ஸில் வரும் பி). அடுத்து வருவது முறையே எஃப்-எஃப்-ஐ, ஜி-எம்-பி, என்-கர்சஸ். கடைசி ‘டெவ்’ மூன்று எழுத்து: டி, இ, வி.

இதில் லிப்ஜிஎம்பியை மறந்தவர்கள்தான் அதிகம். ஹாஸ்கெலின் முழு எண்ணுக்கு உச்சவரம்பு கிடையாது, ராம் உள்ளவரை எண் வளரும். அந்தப் பெரிய எண் கணக்கைப் போடுவது இந்த லைப்ரரி. இது இல்லாவிட்டால் கம்பைலர் நன்றாகவே நிறுவப்படும், முதல் புரோகிராமைக் கம்பைல் செய்யும்போதுதான் ‘கேனாட் ஃபைண்ட் -எல்ஜிஎம்பி’ என்று நிற்கும். அதேபோல ‘-எல்டின்ஃபோ’ கிடைக்கவில்லை என்று வந்தால் என்கர்சஸ் விடுபட்டிருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் மருந்து மேலே உள்ள வரிதான்.

நிறுவும் வரி

உலாவியில் ஹாஸ்கெல் டாட் ஆர்க் தளத்துக்குப் போய், அதற்குள் ஜிஎச்சிஅப் பக்கத்தைத் திறங்கள். உங்கள் சிஸ்டத்துக்கான நிறுவும் வரி அங்கேயே இருக்கும், பக்கத்தில் காப்பி பட்டனும் இருக்கும். அதை அழுத்தி, டெர்மினலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள். கையால் தட்ட வேண்டாம். நண்பன் போனிலிருந்து அனுப்பியதையும் ஒட்ட வேண்டாம். ஐபோன் கீபோர்டு இரண்டு சிறு கோட்டை ஒரு நீளக் கோடாக மாற்றிவிடும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், டெர்மினலுக்கு அது வேறு எழுத்து. அக்கா மகன் இரண்டாவதாக மாட்டிக்கொண்டது இதில்.

முன்னால் சூடோ போடாதீர்கள். ஜிஎச்சிஅப் எல்லாவற்றையும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ‘.ஜிஎச்சிஅப்’ என்ற மறைவான ஃபோல்டரில்தான் வைக்கும். சூடோவோடு ஓட்டினால் ரூட் என்ற அட்மின் கணக்கின் ஹோம் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் தேடுவீர்கள்.

எண்டர் தட்டியதும் முதலில் ஒரு விளக்கம் வரும், தொடர மறுபடி எண்டர். அடுத்து சில கேள்விகள்:

பாத் மாறியில், அதாவது கட்டளைகளை டெர்மினல் தேடும் ஃபோல்டர்களின் வரிசையில், சேர்க்கவா என்று கேட்கும். பி (பேப்பரில் வரும் பி) என்று விடை கொடுங்கள். பி என்றால் வரிசையில் முன்னால், ஏ என்றால் பின்னால். ஏபிடி வழியாக முன்பே ஒரு பழைய ஜிஎச்சி இருந்தால், பின்னால் சேர்த்த புதியது கூப்பிட்ட குரலுக்கு வராது, பழையதுதான் வரும். அதனால் முன்னாலேயே இருக்கட்டும்.

ஹாஸ்கெல் லாங்குவேஜ் சர்வர் வேண்டுமா என்று கேட்கும். விஎஸ் கோட் என்ற எடிட்டரில் எழுதும்போதே தப்பைச் சுட்டிக்காட்டுவது இது. நல்ல வசதிதான், ஆனால் இறக்கவும் பெரியது, ஓடும்போது ராமையும் அள்ளிக் குடிக்கும். எட்டு ஜிபி இருந்தால் ஆம் சொல்லுங்கள். நாலு ஜிபி சிஸ்டத்தில் என் பரிந்துரை இல்லை. பிறகு வேண்டுமானால் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்டாக் பற்றிய கேள்விக்கு அது காட்டும் இயல்பு விடையையே விட்டுவிட்டு எண்டர் தட்டுங்கள்.

பிறகு காத்திருப்பு. இறக்கும்போது சதவீதம் நகரும், அது தெரியும். விரித்து வைக்கும்போது திரை ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும், பழைய ஹார்ட் டிஸ்கில் ரொம்ப நேரம் அப்படியே நிற்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து கன்ட்ரோல் சி அழுத்தாதீர்கள். சிபியு டப்பாவில் ஹார்ட் டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். சிமிட்டினால் வேலை நடக்கிறது. அக்கா அதற்குள் களியும் கீரைக் குழம்பும் எடுத்து வைத்துவிட்டாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோதுதான் முடிந்திருந்தது.

எங்களுக்கு நடுவில் ஒருமுறை கரண்ட் போனது. வந்ததும் அதே வரியை மறுபடி ஓட்டினோம். ‘டைஜஸ்ட்’ பொருந்தவில்லை என்று ஒரு பிழை வந்தது. பாதியில் அறுந்த ஃபைல் உள்ளே கிடக்கிறது, அதன் கைரேகை ஒத்துப்போகவில்லை என்கிறது. ‘.ஜிஎச்சிஅப்’ ஃபோல்டருக்குள் ‘கேஷ்’ என்று இருக்கும் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுத் திரும்ப ஓட்டியதும் சரியானது.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன், நான் அதில் அதிகம் புழங்குவதில்லை. அதே பக்கத்தில் பவர்ஷெல்லுக்கான வரி இருக்கும். அட்மின் அல்லாத சாதாரண பவர்ஷெல்லில் ஒட்டுங்கள். எம்சிஸ்2 என்ற துணைக் கருவித்தொகுப்பையும் போடவா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். லினக்ஸில் ஏபிடி வழியாகப் போட்ட துணைப் பொருட்களுக்கு அங்கே அதுதான் மாற்று. எல்லாம் சி டிரைவில் ‘ஜிஎச்சிஅப்’ ஃபோல்டருக்குள் போகும். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் முகர்ந்து பார்ப்பதால் லினக்ஸைவிட நேரம் கூடுதலாக ஆகும்.

வந்துவிட்டதா?

இருக்கும் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறங்கள். நிறுவி முடித்த கையோடு அதே டெர்மினலில் தட்டிவிட்டு, ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வந்ததும் திரும்ப முதலிலிருந்து நிறுவத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாத் மாற்றம் புதிய டெர்மினலுக்குத்தான் தெரியும்.

ஜிஎச்சி --வெர்ஷன்

‘தி குளோரியஸ் கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலேஷன் சிஸ்டம்’ என்று தொடங்கி வெர்ஷன் எண் வரும். தன்னைத் தானே ‘மகத்தான’ என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் கம்பைலர் இது! அடுத்து ‘விச் ஜிஎச்சி’ என்று தட்டுங்கள். விடையில் ‘.ஜிஎச்சிஅப்’ என்ற பெயர் வந்தால் புதியது. ‘/யுஎஸ்ஆர்/பின்’ என்று வந்தால் ஏபிடியின் பழையது குறுக்கே நிற்கிறது.

ஜிஎச்சிஅப் டியுஐ

டியுஐ-யின் டி, டெர்மினலில் வரும் டி. இது எல்லா வெர்ஷன்களையும் பட்டியலாகக் காட்டும். ஒரு டிக் இருந்தால் நிறுவியிருக்கிறது, இரண்டு டிக் இருந்தால் அதுதான் நடப்பில் இருக்கிறது. ‘ரெக்கமெண்டட்’ என்று குறித்திருக்கும் வெர்ஷனிலேயே இருங்கள். பட்டியலின் உச்சியில் இருப்பது புதியதுதான், ஆனால் பல பேக்கேஜ்கள் அதற்குப் பழக இன்னும் நாள் எடுக்கும்.

கொஞ்சம் விளையாட்டு

‘ஜிஎச்சிஐ’ என்று தட்டினால் கேள்வி பதில் முறையில் பேசும் உரையாடல் சாளரம் வரும். வரியின் முனையில் ‘ஜிஎச்சிஐ>’ என்று இருக்கும். ‘பிரிலூட்>’ என்று இருந்தால் நீங்கள் பழைய வெர்ஷனில் இருக்கிறீர்கள். வெளியே வர ‘:க்யூ’.

முதலில் லிப்ஜிஎம்பி வேலை செய்கிறதா என்று பார்க்க 2^100 என்று தட்டுங்கள். 1267650600228229401496703205376 என்று 31 இலக்கமும் பிசிறில்லாமல் வரும்.

அவன் அப்பா பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி போடுகிறவர். பெட்டிக்கு 25 கிலோ என்று வைத்து மூன்று நாள் கணக்கைப் போட்டுக் காட்டினேன்:

மேப் (*25) [12,8,30]

[300,200,750] என்று வந்தது. முன்னால் ‘சம்’ சேர்த்து, மீதியை அடைப்புக்குறிக்குள் போட்டால் 1250. லூப் எழுதவில்லை, எந்த மாறியையும் ஏற்றி இறக்கவில்லை. ஒவ்வொன்றையும் 25-ஆல் பெருக்கு என்று ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனிடம் ஒப்படைத்தோம், அவ்வளவே. பாடத்தின் முதல் இரண்டு வாரம் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. ‘டேக் 5 [1..]’ என்றும் தட்டிப் பாருங்கள். முடிவே இல்லாத பட்டியலிலிருந்து ஐந்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு நிற்கும். கேட்கும் வரை கணக்கிடாத சோம்பேறி மொழி இது.

பிறகு பையன் தானாகவே மேற்கோளுக்குள் “தருமபுரி” என்று தட்டினான். வந்த பதில்:

"\2980\2992\3009\2990\2986\3009\2992\3007"

“கெட்டுப்போச்சு மாமா” என்றான். கெடவில்லை. உரையாடல் சாளரம் ஒரு மதிப்பைக் காட்டும்போது, ஆங்கில எழுத்து, எண், வழக்கமான குறிகள் நீங்கலாக மற்றவற்றை யூனிகோடு எண்ணாகத்தான் எழுதிக் காட்டும். 2980 என்பது த, 2992 என்பது ர, 3009 என்பது உகரக் குறி. எழுத்தாகவே வேண்டுமென்றால் ‘புட்எஸ்டிஆர்எல்என்’ போட்டு அச்சிட வேண்டும். அதில் எஸ், எல் இரண்டு மட்டும் பெரிய எழுத்து. அப்படிப் போட்டதும் தருமபுரி தமிழிலேயே வந்தது. டெர்மினலில் கால், கொம்பு எல்லாம் கொஞ்சம் விலகித் தெரியலாம், அது டெர்மினலின் எழுத்துரு கோளாறு. ‘இன்வேலிட் ஆர்க்யுமென்ட்’ என்று பிழை வந்தால் மட்டும் சிஸ்டத்தின் மொழி அமைப்பு யுடிஎஃப்-8-இல் இல்லை என்று அர்த்தம். லினக்ஸில் ‘எக்ஸ்போர்ட் லேங்=சி.யுடிஎஃப்-8’ என்று கொடுங்கள், இதில் லேங், சி, யுடிஎஃப் மூன்றும் பெரிய எழுத்து. விண்டோஸில் ‘சிஎச்சிபி 65001’.

அடுத்து ‘லெங்த் "தருமபுரி"’ என்று தட்டினான். 8 என்றது. த, ரு, ம, பு, ரி என்று விரல் விட்டால் ஐந்துதான். யூனிகோடில் உயிர்க்குறிகளுக்குத் தனி எண் இருப்பதால் அவையும் எண்ணிக்கையில் ஏறிவிட்டன. குறிகளை வடிகட்டிவிட்டு எண்ணலாம்:

இம்போர்ட் டேட்டா.சார்
லெங்த் (ஃபில்டர் (நாட் . இஸ்மார்க்) "தருமபுரி")

டேட்டாவின் டி, சாரின் சி, இஸ்மார்க்கில் நடுவில் வரும் எம் மூன்றும் பெரிய எழுத்து. இப்போது 5 வந்தது. ஓசூர், அரூர், பர்கூர் என்று ஊர் ஊராகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காபி குடிக்கப் போய்விட்டேன்.

ஃபைலாக எழுதி ஓட்டுவது

எந்த எடிட்டரிலும் ‘வணக்கம்.எச்எஸ்’ என்று ஒரு ஃபைல் திறந்து, பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, உள்ளே ஒரே வரி எழுதுங்கள்:

மெயின் = புட்எஸ்டிஆர்எல்என் "வணக்கம், தருமபுரி"

சேமித்துவிட்டு ‘ஜிஎச்சி வணக்கம்.எச்எஸ்’ என்று ஓட்டினால் பக்கத்தில் மூன்று ஃபைல் முளைக்கும். ‘.எச்ஐ’, ‘.ஓ’ இரண்டும் கம்பைலரின் சொந்த உபயோகத்துக்கு. பின்னொட்டு இல்லாததுதான் ஓடும் புரோகிராம், முன்னால் ‘./’ சேர்த்து ஓட்டுங்கள். ஒரே வரிக்கு இவ்வளவு பெரிய ஃபைலா என்று மலைக்க வேண்டாம். ஹாஸ்கெலின் ஓட்டப் பொறியும் அதற்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. பயிற்சிக்கு மட்டும் என்றால் ‘ரன்ஜிஎச்சி வணக்கம்.எச்எஸ்’ போதும், ஃபைல் எதுவும் மிஞ்சாது.

உள்தள்ளலுக்கு டேப் வேண்டாம், ஸ்பேஸ் பாருக்கே பழகுங்கள். எந்த வரி எதற்குள் அடங்குகிறது என்பதை ஹாஸ்கெல் உள்தள்ளலை வைத்துத்தான் முடிவு செய்கிறது. டேப் கலந்தால் எச்சரிக்கை வரும், பல நேரம் அர்த்தமே மாறும்.

வெளிப் பேக்கேஜ் தேவைப்படும் நாளில் ‘கபால் அப்டேட்’ ஓட்டுங்கள். ஹேக்கேஜ் என்ற பொதுக் கிடங்கின் பட்டியல் இறங்கும். பட்டியலே நூறு எம்பிக்கு மேல் என்பதால் டேட்டா மிச்சம் பார்த்து ஓட்டுங்கள். காலி ஃபோல்டரில் ‘கபால் இனிட்’, பிறகு ‘கபால் ரன்’. பேக்கேஜ்கள் பெரும்பாலும் நம் சிஸ்டத்திலேயே கம்பைல் ஆகும். நாலு ஜிபி ராமில் பெரிய பேக்கேஜ் நடுவில் ‘கில்டு’ என்று சத்தமில்லாமல் சாகும். கட்டளையோடு ‘-ஜே1’ சேர்த்தால் ஒரு நேரத்தில் ஒன்றாகச் செய்யும், மெதுவாகத்தான் போகும், ஆனால் கரை சேரும்.

இடம் குறைந்தால்

‘ஜிஎச்சிஅப் ஆர்எம் ஜிஎச்சி’ என்று தட்டி வெர்ஷன் எண்ணையும் கொடுத்தால் அந்த வெர்ஷன் மட்டும் போகும். இறக்கிய பொதிகள் மிச்சம் கிடந்தால் ‘ஜிஎச்சிஅப் ஜிசி -சி’ அவற்றைத் துடைக்கும். செமஸ்டர் முடிந்து எல்லாவற்றையும் வேரோடு எடுக்க வேண்டுமென்றால் ‘ஜிஎச்சிஅப் ந்யூக்’. கபால் இறக்கிக் கட்டிய பேக்கேஜ்கள் தனி ஃபோல்டரில் இருக்கும். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் எச் அழுத்தி மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லி, ‘.கபால்’ இருந்தால் அதைக் கையால் அழியுங்கள். அது இல்லையென்றால் ‘.கேஷ்’, ‘.லோக்கல்/ஸ்டேட்’, ‘.கான்ஃபிக்’ மூன்றுக்குள்ளும் கபால் என்ற பெயரில் இருப்பதைத் தேடி அழியுங்கள்.